அம்மம்மா வீட்டுப் படலையில் "ஓடி" என்று கூப்பிட்ட பிள்ளை

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து ஆபிரிக்காவில் உள்ள மலாவிக்குப் போனது 2011ல். கணவர் அங்கே கிராமத்துப் போதகர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார். நான் தாதி, மிஷன் நடத்தும் சிகிச்சை நிலையம் ஒன்றில் வேலை. போகும்போது மகனுக்கு 2 வயது. மகள் அங்கேயே பிறந்தவள். ஊழியத்தைப் பற்றிச் சபைகளில் நிறையப் பேசிவிட்டேன். ஊருக்கு வந்துபோன கதையை எங்கேயும் சொன்னதில்லை, அதைத்தான் எழுதுகிறேன்.

முதல் தடவை வந்தது 2015 ஜூனில். மலாவியின் பிளாண்டயர் நகரில் ஏறி, ஜொஹன்னஸ்பர்க்கிலும் துபாயிலும் விமானம் மாறிக் கட்டுநாயக்காவில் இறங்கினோம். நாங்கள் வெளிநாடு போன காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் இல்லை. 1990ல் நின்றது, 2014 ஒக்டோபரில்தான் திரும்ப ஓடத் தொடங்கியது. பிள்ளைகளுக்கு அதைக் காட்ட வேண்டும் என்று யாழ்தேவியில் வந்தோம். ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீர் விரிந்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மகன் வெளியே பார்த்து, "இது எங்கட ஏரி மாதிரி இல்லை, சின்னது" என்றான். அவனுக்கு "எங்கட" என்றால் மலாவி ஏரி. அப்போதே எனக்குள் ஏதோ குத்தியது.

உடுவிலில் அம்மாவின் வீட்டுப் படலையடியில் ஓட்டோ நின்றது. மகளுக்கு அப்போது 3 வயது. இறங்கியவள் உள்ளே போகாமல் படலையைப் பிடித்துக்கொண்டு, "ஓடி! ஓடி!" என்று கூப்பிட்டாள். சிச்செவா மொழி பேசும் ஊர்களில் யாருடைய வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று "ஓடி" என்பார்கள். உள்ளே இருப்பவர் "ஓடினி" என்று சொன்ன பிறகுதான் நுழைய வேண்டும். அம்மாவுக்கு இது எப்படித் தெரியும்? பேத்தி தன்னை ஓடி வரச் சொல்கிறாள் என்று நினைத்து, முழங்கால் வலியையும் பாராமல் முற்றத்தால் ஓடியே வந்துவிட்டார். "வாறன் மோனை, வாறன்!" அங்கே வணக்கத்துக்கு "மோனி" என்பார்கள். அம்மா "மோனை" என்றதும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து "மோனி!" என்று பதில் சொன்னார்கள். கைபேசியில் மட்டும் பார்த்த அம்மம்மாவுக்குத் தங்கள் பாஷை தெரியும் என்று அன்றிரவு முழுக்க நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்த முதல் பயணத்தில் நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். மொத்தம் 7 வாரம். அதில் 6 ஞாயிற்றுக்கிழமை 6 சபைகளுக்கு ஒப்புக்கொண்டிருந்தோம். வட்டுக்கோட்டையில் கணவரின் ஆட்கள் இருந்தபடியால் அங்கே இரண்டு நாள். அதைவிட வாரநாட்களில் ஜெபக்கூட்டங்கள், வாலிபர் கூட்டம், பெண்கள் ஐக்கியம். எல்லா இடத்திலும் அதே படங்கள், அதே சாட்சி. சபைகள் எங்களைத் தாங்குகின்றன, அவர்களுக்கு அறிக்கை கொடுக்காமல் இருக்க முடியாது, அது உண்மைதான். ஆனால் ஒரு ஞாயிறு பின்நேரம் மூன்றரைக்கு வீட்டுக்கு வந்தால், நண்டுக் கறியும் முருங்கைக்காய்க் குழம்பும் ஆறிப்போய் மூடி இருக்கின்றன. அம்மா சாப்பிடவில்லை. குசினி வாசலில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். கோபமில்லாத குரலில் கேட்டார்: "பிள்ளை, நீ என்னட்டை வந்தனியோ, சபைக்கு வந்தனியோ?"

எனக்குப் பதில் வரவில்லை. நான்கு வருடம் ஒவ்வொரு இரவும் எங்களுக்காக முழங்காலில் நின்ற மனுஷி அவர். அவருக்குக் கொடுத்தது மிச்ச நேரம் மட்டும்.

நான் உடுவில் பெண்கள் கல்லூரியில் படித்தவள். 1824ல் அதைத் தொடங்கிய அமெரிக்க மிஷனரி ஹரியற் வின்சிலோ அம்மையாரைப் பற்றிச் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். அவருடைய கணவர் மைரன் வின்சிலோவின் 1862ஆம் ஆண்டுத் தமிழ் அகராதியை எல்லோரும் போற்றுகிறோம். அவர்களின் மகன் சார்ல்ஸைப் பற்றி எத்தனை பேர் பேசுகிறோம்? 1821ல் இங்கே பிறந்த பிள்ளை. படிப்புக்காக அமெரிக்காவுக்கு, அவன் கண்ணால் காணாத "சொந்த ஊருக்கு", கப்பலில் அனுப்பினார்கள். 1832 மே மாதம் நியூயோர்க்கில் 11 வயதில் இறந்துபோனான். கடிதம் கடல் கடந்து வர மாதக்கணக்காகும் காலம் அது. அடுத்த ஜனவரியில், 1833ல், தாயும் உடுவிலில் இறந்தார். மாணவியாக இருந்தபோது அது எனக்கு வெறும் வருடக் கணக்கு. தாயான பிறகு அந்த வளவைக் கடந்து போகும்போதெல்லாம் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்கிறேன். எங்களிடம் வாட்ஸ்அப் இருக்கிறது, மூன்றரை மணித்தியால வித்தியாசம் மட்டும்தான். அந்த வசதியை வைத்துக்கொண்டு அம்மாவைக் காத்திருக்க வைத்தேனே என்பதுதான் என் வேதனை.

சொந்தக்காரரின் கேள்விகளும் உண்டு. பெரியப்பா ஒருவர், "ஏன், இஞ்ச ஊழியம் செய்ய இடமில்லையோ?" என்று கேட்டார். மனம் நொந்தது, ஆனாலும் கேட்க வேண்டிய கேள்விதான். 1816ல் தெல்லிப்பழைக்கு வந்த அமெரிக்க மிஷனரி டானியேல் பூர் ஐயரையும் அவருடைய ஊரில் யாராவது இப்படிக் கேட்டிருப்பார்கள். அவர்கள் இங்கே வந்ததால் பள்ளிக்கூடம் கண்டவர்களின் பேத்தி நான். "எங்களுக்கு வந்தது, நாங்களும் கொண்டுபோறம் பெரியப்பா" என்று மட்டும் சொன்னேன். அவர் பிறகு கேட்கவில்லை.

இரண்டாம் தடவை 2019 ஜூன். உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆலய வாசல்களில் காவல், பைகளைத் திறந்து பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். வரவேண்டாம் என்று பலர் சொன்னார்கள். அம்மா மட்டும், "வாங்கோ, எனக்கு வயசு போகுது" என்றார். இந்த முறை புறப்படுவதற்கு முன்பே சபைகளுக்கு எழுதிவிட்டோம்: இரண்டு ஞாயிறு மட்டும் வருவோம், மற்ற நாட்களில் எங்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் உடுவில் வீட்டுக்கு வாருங்கள். சிலருக்கு மனவருத்தம்தான். ஆனால் வந்தவர்கள் பாயில் இருந்து கறுத்தக்கொழும்பான் மாம்பழம் சாப்பிட்டபடி கேட்ட கேள்விகள், மேடையில் நின்று சொன்ன எந்த அறிக்கையையும் விட ஆழமானவை.

ஒரு நாள் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்க மகளை அனுப்பினேன். அவளுக்கு 7 வயது. அம்மம்மாவுக்கு முன்னால் போய், இரண்டு முழங்காலையும் நிலத்தில் ஊன்றி, தேத்தண்ணியை நீட்டினாள். மலாவிக் கிராமங்களில் பெரியவர்களுக்கு எதையும் அப்படித்தான் கொடுப்பார்கள். மாமி ஒருவர் பதறி, "என்ன, பிள்ளைக்கு ஏதும் செய்யுதோ?" என்றார். நான் விளக்கினேன். அம்மா தேத்தண்ணியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, தானும் மெல்லக் கதிரையிலிருந்து இறங்கி அவளுக்கு முன்னால் நிலத்தில் இருந்துகொண்டார். அங்கே பிள்ளைகள் என்னத்தை இழக்கிறார்கள் என்றே நான் எப்போதும் கவலைப்பட்டிருந்தேன். எங்கள் அம்மாவுக்கு மரியாதை செய்யும் ஒரு வழியை அந்தச் சனம் என் மகளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது.

ஆபிரிக்காவிலிருந்து ஊருக்கு வருகிறவர்களுக்கு ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். மூன்றாம் வாரம் மகனுக்குக் கடும் காய்ச்சல். பார்த்த தனியார் மருத்துவர் டெங்கு என்று நினைத்தார். இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2016ல் மலேரியா இல்லாத நாடாக அறிவித்துவிட்டது. அதனால் மலேரியா என்ற நினைப்பு உடனே வராது. நானே மலாவியை எடுத்துச் சொல்லி இரத்தத்தில் மலேரியா பார்க்கக் கேட்டேன். அதேதான். ஆஸ்பத்திரியில் மூன்று நாள். மலேரியாத் தடை இயக்கத்தினர் வீட்டுக்கே வந்து எங்கள் எல்லோரையும் சோதித்தார்கள். வலைக்குள் படுத்து, மருந்தும் எடுத்த பிள்ளைக்கே இப்படி. ஊர் வந்து சில மாதங்களுக்குள் காய்ச்சல் என்றால், எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மூன்று இரவும் அம்மாதான் அவனுக்குத் துணை. "நீ எத்தினை பிள்ளையளைப் பாத்திருப்பாய், இவனை நான் பாக்கிறன்" என்று என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அந்த மூன்று நாளில் மகன் பேசக் கற்ற தமிழ், நான் 8 வருடமாகச் சொல்லிக்கொடுத்ததைவிட அதிகம்.

திரும்பும்போது பெட்டியில் ஒடியல் மா, வறுத்து இடித்த தூள், பினாட்டு. அங்கே ந்சிமா என்று சோள மாவில் களி மாதிரிக் கிண்டுவார்கள். ஏரியில் பிடித்துக் காயவைத்த உசிப்பா மீனை அம்மா தந்த தூளில் குழம்பாக வைத்து, அதோடு சாப்பிடுவோம். பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் ஒரு கோப்பை போகும்.

இப்போது ஞாயிறு பின்நேரம் மூன்றரைக்கு, யாழ்ப்பாணத்தில் ஏழு மணிக்கு, மகள்தான் கைபேசியை எடுக்கிறாள். அந்தப் பக்கம் எடுத்ததும் "ஓடி!" என்பாள். அம்மா பைபிளை மூடிவைத்துவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்தபடி, "ஓடினி, ஓடினி, உள்ள வா மோனை" என்கிறார்.