வீட்டுச் சாப்பாட்டுக்கு கலோரி எப்பிடிக் கணக்கெடுக்கிற?

கல்லடிப் புள்ள:
கிளினிக்ல எடைய குறைக்கச் சொல்லிட்டாங்க, அதால போன்ல ஒரு ஆப்ப போட்டு திங்கிறதெல்லாம் எழுதிட்டு வாறன். பாண், முட்டை எண்டா பிரச்சினை இல்ல. வீட்டுக் கறிதான் தலையிடி. மீன் குழம்பு ஒரு கப் எண்டு தேடினா ஒரு இடத்தில 120, இன்னொரு இடத்தில 350, அது தேங்காப்பால் விட்டதா வெறும் புளி விட்டதா எண்டு ஆருக்குத் தெரியும். அம்மாட்ட எவ்வளவு தேங்கா போட்டீங்க எண்டு கேட்டா "அளவாத்தான் மகள்" எண்டுறா. எல்லாருக்கும் ஒரே பானைல சமைக்கிற, இதுல என்ட பங்க எப்பிடிப் பிரிக்கிற?

களுவாஞ்சிகுடி:
ஆப்ல இருக்கிற கறிய நம்பாதீங்க. ஒரு டிஜிட்டல் தராசு வாங்கி பச்சையா நிறுத்துப் போடுங்க. 500 கிராம் அரிசி எண்டா கிட்டத்தட்ட 1800 கலோரி, வெந்தாப்புறம் தண்ணி குடிச்சு 1400 கிராம் சோறு வந்துது எண்டு வைங்க, கலோரி கூடாது, அதே 1800தான். நீங்க 300 கிராம் போட்டுத் திண்டா 385 போல வரும். கறிக்கும் இதே கதைதான், வெறுஞ்சட்டிய முதல்லயே நிறுத்து எழுதி வச்சிருங்க, மறுகா இறக்கினாப்புறம் சட்டியோட நிறுத்துக் கழிங்க. நான் சட்டிர எடைய மூடில பெயின்ட்டால எழுதி வச்சிருக்கன், வீட்டில சிரிக்காங்க, சிரிக்கட்டும்.

அக்கரைப்பற்று ராத்தா:
தங்கச்சி, சோத்த விட தேங்காவப் பாருங்க. திருவின தேங்காப்பூ 100 கிராம் 350 கலோரி, அதாவது பச்சரிசிர கணக்குக்கு கிட்ட. புட்டுக்கு 250 கிராம் மா, 100 கிராம் பூ எண்டா மொத்தம் 1250, அதுல கால்வாசிக்கு மேல பூதான்! ஆணத்துக்கு (குழம்புக்கு) முதப்பால், சம்பலுக்கு பூ, மறுகா தாளிக்க எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. ஆப்ல எழுதாம விடுறது இதெல்லாம்தான்.

கல்லடிப் புள்ள:
ராத்தா, பால் பிழிஞ்ச சக்கைய கொட்டுறமே, அதையும் சேர்க்கிறதா?

அக்கரைப்பற்று ராத்தா:
சக்கைலயும் எண்ணெய் கொஞ்சம் நிக்கும், எவ்வளவு எண்டு பிழியிற கையப் பொறுத்தது. நான் முழுசா எழுதிருவன். கூட எழுதினா நட்டமில்ல, குறைய எழுதினாத்தான் எடை இறங்காம நிண்டு கொல்லும்.

வாவிக்கரை:
நாளாந்தம் எல்லாத்தையும் நிறுத்தா வீட்டில சண்டைதான் வரும். ஒவ்வொரு கறியையும் ஒருக்கா நிறுத்து 100 கிராமுக்கு எவ்வளவு எண்டு எழுதி வைங்க, அடுத்த முறை அதையே போடுங்க. அம்மாட கை அப்பிடி ஒண்டும் மாறாது. முருங்கையிலை சுண்டல், கீரை எல்லாம் நிறுக்கத் தேவையில்ல, அதுல போடுற பூவ மட்டும் பாருங்க.

கல்லடிப் புள்ள:
சரி, தராசு வாங்குறன். சட்டித் தயிருக்குப் போடுற சீனி?

களுவாஞ்சிகுடி:
கிராமுக்கு 4 கலோரி. தயிர்க் கோப்பைய தராசுல வச்சுட்டு சீனியப் போடுங்க, கண்ணளவில போட வேணாம் கா.