கொரிய வாக்கியம் முடியும் முன்பே கேட்பவருக்குப் புரிவது எப்படி?

நெய்தல்:
கொரிய மொழியிலும் தமிழைப் போலவே வினை கடைசியில்தான் வருகிறது. எழுத்தில் எழுவாய்க்கு 'இ' அல்லது 'கா', செயப்படுபொருளுக்கு 'உல்' அல்லது 'ருல்' என உருபுகள் ஒட்டியிருப்பதால், யார் யாரை என்ன செய்தார் என்பது விளங்கிவிடுகிறது. பேச்சிலோ அந்த உருபுகளை அடிக்கடி விழுங்கிவிடுகிறார்கள். எழுவாயையே சொல்லாமல் விடுவதும் உண்டு. கொரியர்கள் வினை வரும்வரை எல்லாவற்றையும் மனத்தில் அடுக்கிவைத்துக் காத்திருக்கிறார்களா, அல்லது நடுவிலேயே பற்றிக்கொள்ள வேறு பிடிமானம் இருக்கிறதா?

பனைவெளி:
காத்திருப்பதில்லை. உருபு காதில் விழுந்ததுமே மீதியை ஊகிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். 'மினாகா சுஜின்எகெ' (மினா சுஜினுக்கு) என்ற அளவிலேயே, கொடுக்கவோ அனுப்பவோ கூடிய ஒரு பொருள் அடுத்து வரக்கூடும் என்று மனம் எதிர்பார்க்கிறது. இதே அமைப்புள்ள ஜப்பானிய மொழியில் யூகி கமிடே குழுவினர் 2003இல் வெளியிட்ட கண்ணசைவு ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: 'பணிப்பெண்', 'வாடிக்கையாளருக்கு' என்ற இரு சொற்களும் உருபுகளோடு காதில் விழுந்ததுமே, கேட்டவர்களின் பார்வை, வினை வருவதற்கு முன்பே படத்திலிருந்த உணவின் பக்கம் திரும்பியது.

எழுவாய் விடுபட்டால் வினையே தடயம் தருகிறது. 'ஒஜே ஒஷொஸ்ஸொ' என்றால் நேற்று வந்தார் என்று பொருள். அதில் 'ஷொ' என்று இணைந்து ஒலிக்கும் 'ஷி' என்னும் மரியாதை இடைநிலையைப் பேசுபவர் தமக்குத் தாமே பயன்படுத்திக்கொள்வதில்லை என்பதால், வந்தவர் மதிப்பிற்குரிய வேறொருவர் என்பது சொல்லாமலே புரியும்.

மூங்கிலிலை:
உருபைப் பற்றிய விளக்கம் சரிதான். ஆனால் உருபு விடுபட்ட பேச்சில் பெரும்பாரத்தைச் சுமப்பது குரலின் ஏற்ற இறக்கம் என்பேன். சியோல் பேச்சு சிறு சிறு ஒலித்தொடர்களாகப் பிரிந்து வருவதை 1990களில் மொழியியலாளர் சுன்-ஆ ஜுன் விரிவாக விளக்கினார். ஒவ்வொரு தொடரும் பொதுவாகத் தாழ்ந்து தொடங்கி உயர்ந்து முடியும். அழுத்தமான அல்லது மூச்சொலியுள்ள மெய்யில் தொடங்கினால் மட்டும் தொடக்கமே உயர்ந்திருக்கும். சொல் எங்கே முடிகிறது என்பதைக் காது இதைக் கொண்டே பிரிக்கிறது.

கொரியப் பள்ளிப்பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 'அபொஜிகா பாங்எ துரொகாஷிந்தா' என்றால் அப்பா அறைக்குள் போகிறார். 'அபொஜி காபாங்எ துரொகாஷிந்தா' என்றால் அப்பா பைக்குள் போகிறார்! எழுத்தில் இடைவெளி காப்பாற்றுகிறது. பேச்சில் 'கா' உயர்ந்து முடிகிறதா, தாழ்ந்து புதுத் தொடரைத் தொடங்குகிறதா என்பதுதான் வேறுபாடு.

'நுகு வாஸ்ஸொ?' என்பதும் அப்படியே. வினை முன்சொல்லோடு ஒரே தொடராக இழைந்தால் 'யார் வந்தது?' என்று பொருள். வினை தனித்தொடராக எழுந்தால் 'யாராவது வந்தார்களா?' என்று பொருள். பூசான் இருக்கும் கியோங்சாங் வட்டாரத்தில் இந்தக் குழப்பத்திற்கே இடம் குறைவு. 'யார், என்ன' கேள்விகள் 'நோ' என்றும், ஆம்-இல்லை கேள்விகள் 'நா' என்றும் முடிகின்றன.

நெய்தல்:
இருவருக்கும் நன்றி. ஆனால் தனிச்சொல்லே காதில் மாறிக் கேட்கிறதே, அதற்கு என்ன செய்வது?

கற்றாழை:
அது காதின் குறை அன்று, ஒலியே மாறுகிறது. 'பாப் மொகொ' (சோறு சாப்பிடு) என்பதில் பின்னால் வரும் மகரம் முன்னுள்ள பகரத்தையும் மகரமாக்கிவிடுவதால், அது 'பாம் மொகொ' என்றே ஒலிக்கும். 'பாம்' என்றால் செஸ்ட்நட் கொட்டை. இளம் சியோல்வாசிகளின் வாயில் இரண்டு வாக்கியங்களும் ஏறத்தாழ ஒன்றே. சாப்பாட்டு வேளையா, கையில் கொட்டைப் பொட்டலமா என்பதைப் பார்த்துத்தான் கேட்பவர் முடிவுசெய்கிறார்.

ஆகவே நாடகம் பார்க்கும்போது கொரிய வசன வரிகளை முதலில் மறைத்துவிடுங்கள். வரி கண்முன் இருந்தால் 'பாப்' என்று கேட்டதாகவே தோன்றும். ஒரு காட்சியை வரியின்றிக் கேட்டு, காதில் விழுந்ததை அப்படியே தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டு, பிறகு வரியோடு ஒப்பிட்டால், எந்த மெய் எங்கே மாறுகிறது என்பது சில வாரங்களில் பிடிபட்டுவிடும்.