குழல், கிட்டார், கீபோர்டு, உடுக்கை நான்கும் நானே வாசித்து வீட்டில் பதிவு செய்ய எந்த சாஃப்ட்வேர் எடுக்கலாம்?

பல்லடம்_குழல்:

வணக்கம்ங்க. குழல் சின்ன வயதிலிருந்தே வாசிக்கிறேன், கிட்டார் ஓரளவு வரும், கீபோர்டில் கார்டு பிடிப்பேன், தாத்தா வைத்திருந்த உடுக்கையும் வீட்டில் இருக்கிறது. எங்கள் ஊர் வள்ளி கும்மிக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் வீட்டில் போட்டுக் கேட்டுப் பழக ஒரு பதிவு கேட்டார்கள். வாத்தியம் எல்லாவற்றையும் நானே ஒன்றன்மேல் ஒன்றாக வாசித்து அடுக்க வேண்டும், பாட்டு மட்டும் எங்கள் வாத்தியார் கோபியிலிருந்து பாடி அனுப்புவார்.

விண்டோஸ் லேப்டாப், 8 ஜிபி ரேம். ஒரு நண்பன் எஃப்எல் ஸ்டூடியோ கிராக் (காசு கட்டாமல் பூட்டை உடைத்த காப்பி) தருகிறேன் என்கிறான், இன்னொருவர் ஆடாசிட்டியே போதும் என்கிறார், யூட்யூபில் பார்த்தால் ஆளாளுக்கு ஒன்றைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். மைக்கும், அதை லேப்டாப்போடு இணைக்கிற பெட்டியான இன்டர்ஃபேஸும் வாங்கவே காசு சரியாக இருக்கும், சாஃப்ட்வேருக்கு உடனே பெரிதாகப் போட முடியாது.

இன்னொரு சந்தேகம். ஹெட்செட் மைக்கை லேப்டாப்பில் சொருகி, கிட்டாரைக் கேட்டுக்கொண்டே குழல் வாசித்துப் பார்த்தேன். திருப்பிப் போட்டால் குழல் பின்தங்கி நிற்கிறது. நான் தாளத்தோடு தான் வாசித்தேன், அதில் சந்தேகமே இல்லை. இது சாஃப்ட்வேர் கோளாறா? அப்புறம், வீட்டுக்கு இரண்டு பக்கமும் விசைத்தறி ஓடுகிறது. அதற்கும் யாராவது வழி சொல்லுங்க.

ஈரோடு_மிக்சர்:

தம்பி, கிராக் பக்கம் போகவே வேண்டாம். அதோடு என்னென்ன வைரஸ் வரும் என்பது ஒருபுறம் இருக்கட்டும், உங்கள் வேலைக்கு எஃப்எல் ஸ்டூடியோ முதல் தேர்வே இல்லை. பீட் கட்டி, மவுஸில் ஸ்வரம் வரைந்து பாட்டு செய்கிறவர்களுக்கு அது அருமையான கருவி. ஆனால் அதன் அடிப்படைப் பதிப்பான ஃப்ரூட்டியில் மைக் வைத்து ஆடியோ பதிவு செய்யவே முடியாது, அதற்கு மேலே உள்ள புரொட்யூசர் பதிப்பு வாங்க வேண்டும். இலவச ட்ரையலில் சேமித்த ப்ராஜெக்ட்டை, காசு கட்டும்வரை திரும்பத் திறக்க விடாது. கையில் வாத்தியம் பிடித்து வாசிக்கிற ஆளுக்கு அது சுற்று வழி.

நான் சொல்வது ரீப்பர். தரவிறக்கம் ரொம்பச் சின்னது, பழைய லேப்டாப்பிலும் திணறாமல் ஓடும், 60 நாள் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் முழுதாகப் பயன்படுத்தலாம். அதற்கப்புறம் சொந்த உபயோகத்துக்கு உரிமம் 60 டாலர், நம்ம காசுக்கு ஐயாயிரத்துச் சொச்சம். அதற்குள் இந்தக் கும்மிப் பாட்டே முடிந்துவிடும், பிடித்தால் வாங்குங்க. கன்ட்ரோல் டி அழுத்தினால் புது ட்ராக், அதில் இருக்கிற சிவப்புப் பொத்தானை அழுத்தி மைக் எந்த இன்புட் என்று காட்டினால் பதிவுக்குத் தயார். ஒரே இடத்தை திரும்பத் திரும்ப வாசித்தால் பழையதை அழிக்காமல் டேக் டேக்காக வைத்துக்கொள்ளும், எந்த டேக்கில் எந்த வரி நன்றாக வந்ததோ அதை வெட்டிச் சேர்க்கலாம். குழலில் மூச்சு எடுக்கிற இடத்தில் வெட்டினால் ஒட்டு தெரியவே தெரியாது.

குறையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை திறந்தால் பார்க்க வறட்சியாக இருக்கும், மெனு நீள நீளமாக வரும். உள்ளேயே பியானோ, வயலின் மாதிரி ஒலிகள் அவ்வளவாகக் கிடையாது. சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல் மாதிரி இலவச சிந்த்தை (கம்ப்யூட்டரிலேயே ஒலி உண்டாக்குகிற வாத்தியத்தை) வெளியிலிருந்து போட்டுக்கொள்ள வேண்டும். உங்களிடம்தான் நிஜக் கீபோர்டு இருக்கிறதே, அதன் ஹெட்ஃபோன் ஓட்டையிலிருந்து வயர் எடுத்து இன்டர்ஃபேஸின் லைன் இன்புட்டில் விட்டால் வேலை முடிந்தது.

பின்தங்குகிற விஷயத்தில் உங்கள் தாளத்தில் குறை இல்லை. லேப்டாப் ஒலியைச் சின்னச் சின்னக் கட்டாகச் சேர்த்துத்தான் வாங்கும், கொடுக்கும். அந்தக் கட்டின் அளவுதான் பஃபர். நொடிக்கு 44,100 சாம்பிள் (44.1 கிலோஹெர்ட்ஸ்) எடுக்கும்போது பஃபர் 1024 சாம்பிள் என்றால் ஒரு பக்கத்துக்கே 23 மில்லிசெகண்ட் போய்விடும், 256 என்றால் 6 மில்லிசெகண்டுக்குள். 6 மில்லிசெகண்ட் என்பது இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவர் வாசிப்பது நம் காதுக்கு வந்து சேரும் நேரம்தான், அது வாசிப்பைக் கெடுக்காது. பதிவு எவ்வளவு தாமதமாக வந்தது என்று டிரைவர் (சவுண்ட் கார்டை இயக்குகிற மென்பொருள்) ஒழுங்காகச் சொன்னால் சாஃப்ட்வேரே அதை முன்னால் நகர்த்தி வைத்துவிடும். லேப்டாப்பின் சொந்த சவுண்ட் கார்டு அதைச் சரியாகச் சொல்வதில்லை, அதனால்தான் உங்களுக்குக் குழல் பின்னால் நிற்கிறது. ஏசியோ என்கிற, தாமதம் குறைந்த டிரைவரோடு வருகிற யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் வாங்குங்க, டைரக்ட் மானிட்டர் பொத்தான் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்க. அது இருந்தால் நீங்கள் வாசிப்பது கம்ப்யூட்டருக்குள் போய் வராமல் நேராக ஹெட்ஃபோனுக்கு வரும். சாஃப்ட்வேரை விட இந்த ஒரு பொருளில்தான் உங்கள் காசு போக வேண்டும்.

சோமனூர்_கீஸ்:

ரீப்பர் நல்லதுதான், ஆனால் முதல் பாட்டுக்கு ஆடாசிட்டி போதும் என்று சொன்னவரையும் நான் தள்ளிவிட மாட்டேன். முழுக்க இலவசம், நான்கைந்து ட்ராக் அடுக்க அதுவே தாங்கும். பின்தங்குகிற பிரச்சினைக்கு அதன் செட்டிங்கில் லேட்டன்சி காம்பன்சேஷன் என்று ஒரு எண் இருக்கும், போட்டவுடன் மைனஸ் 130 மில்லிசெகண்ட் என்று நிற்கும். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் அது பொருந்தாது. ஹெட்ஃபோனை மைக்குக்கு நேராக வைத்து க்ளிக் சத்தத்தைப் பதிந்து, எவ்வளவு தள்ளி விழுகிறது என்று அளந்து அந்த எண்ணைத் திருத்துங்க.

கீபோர்டை மிடியாக (ஒலியாக இல்லாமல், எந்தக் கட்டையை எப்போது அழுத்தினோம் என்ற குறிப்பாக) பதிந்து அப்புறம் ஒலி மாற்ற வேண்டும் என்றால் மட்டும் ஆடாசிட்டி ஆகாது. அதற்கு கேக்வாக் சோனார் பாருங்க, விண்டோஸில் இலவசப் பதிப்பு இருக்கிறது, பேண்ட்லேப் கணக்கு ஒன்று தொடங்கினால் போதும். மேக்கோ ஐபேடோ இருந்தால் கராஜ்பேண்ட் என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன்.

குன்னத்தூர்_வீணை:

தறிச் சத்தத்தைப் பற்றி யாருமே சொல்லவில்லையே. எனக்கும் தறி ஓடுகிற வீதிதான். கண்டென்சர் மைக் வாங்கி விடாதீங்க, பக்கத்து வீட்டு நாடா ஓடுவதுகூட அதில் விழும். எஸ்எம் 57, எஸ்எம் 58 மாதிரி டைனமிக் மைக் எடுத்துக் கிட்ட வைத்து வாசித்தால் தறி நன்றாகவே அடங்கும். ஆனால் குழலைக் கிட்ட வைத்தால் ஊதுகிற காற்று மைக்கில் அடித்து புஸ் புஸ் என்று வரும். அதனால் மைக்கை ஊதுகிற துளைக்கு நேராக வைக்காமல், கொஞ்சம் மேலே தூக்கி, துளைக்கும் விரல்களுக்கும் நடுவில் பார்க்கிற மாதிரி சாய்த்து வையுங்க.

எனக்கு ரொம்ப உதவுவது மாதாமாதம் வருகிற பராமரிப்பு மின்தடை. அன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை வீதியில் ஒரு தறி ஓடாது, மிக்ஸி ஓடாது, நம் வீட்டு ஃபேன்கூட ஓடாது. லேப்டாப் பேட்டரியில் ஓடும், யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கிற இன்டர்ஃபேஸுக்கு வேறு கரண்ட் தேவையில்லை. சார்ஜர் கழற்றியிருப்பதால் 50 ஹெர்ட்ஸ் உறுமலும் வராது. முந்தின ராத்திரியே முழு சார்ஜ் போட்டு, ட்ராக் எல்லாம் திறந்து பெயர் வைத்துத் தயாராக வைத்துவிட்டு, அன்று குழலையும் உடுக்கையையும் மட்டும் முடித்துக்கொள்ளுங்க. கிட்டாரும் கீபோர்டும் வயர் வழியாகப் போகிறவை, தறி ஓடும்போதும் பதியலாம்.

எதிரொலிக்கு வீட்டில் பவானி ஜமக்காளம் இருந்தால் இரண்டு மூன்றை மடித்து, உங்கள் முதுகுக்குப் பின்னால் கொடியில் தொங்கவிடுங்க. ஒற்றையாகப் போட்டால் மேல் ஸ்தாயி மட்டும்தான் அடங்கும். சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விடுங்க.

பல்லடம்_குழல்:

அக்கா, மின்தடை யோசனை எனக்கு வரவே இல்லை, ரொம்ப நன்றிங்க. ஈரோடு அண்ணாவுக்கு இன்னும் இரண்டு கேள்வி. கும்மி மெதுவாகத் தொடங்கி ஆட ஆட வேகம் ஏறும். மெட்ரோனோம் போட்டால் அந்த ஏற்றம் போய்விடுகிறது, போடாவிட்டால் அடுத்த வாத்தியம் ஒட்ட மாட்டேன் என்கிறது. இன்னொன்று, என் குழல் நாலரைக் கட்டை, கீபோர்டோடு வாசித்தால் ஒரு மயிரிழை இறங்கிக் கேட்கிறது.

ஈரோடு_மிக்சர்:

வேகத்துக்கு இரண்டு வழி உண்டு. ரீப்பரில் டெம்போ மார்க்கர் வைத்து, அடுத்த மார்க்கர் வரை படிப்படியாக மாறு என்று டிக் போட்டால் மெட்ரோனோமே மெல்ல ஏறும். கும்மி திஸ்ரத்தில் (மூன்று மூன்றாக எண்ணுகிற நடையில்) போவதால் 6/8 வைத்துக்கொள்ளுங்க, 4/4-இல் விட்டால் அழுத்தம் தப்பான இடத்தில் விழும். ஆனால் எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. வாத்தியாரை க்ளிக் இல்லாமல் கையில் தாளம் தட்டிப் பாடச் சொல்லி அந்தப் பதிவை முதல் ட்ராக்காக வையுங்க. அதைக் கேட்டு உடுக்கை, உடுக்கையைக் கேட்டு மற்றதெல்லாம். கும்மியின் வேகம் பாடுகிறவருடைய மூச்சில்தான் இருக்கிறது, அதைக் கம்ப்யூட்டர் ஏற்றினால் ஆடுகிற காலுக்கு உடனே தெரிந்துவிடும். தப்பில்லாமல் முடித்தபிறகு வாத்தியார் மறுபடி நல்ல மைக்கில் பாடிக்கொள்ளட்டும்.

நாலரைக் கட்டை என்றால் எஃப் ஷார்ப். கிட்டாரில் இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கிற க்ளிப்) போட்டு ஈ கார்டு பிடித்தால் அதே சுருதி. குழல் குளிர்ந்திருந்தால் சுருதி இறங்கித்தான் இருக்கும், கொஞ்ச நேரம் ஊதிச் சூடேற்றிவிட்டு ட்யூனரில் பாருங்க. அப்போதும் இறங்கியிருந்தால் மூங்கிலை ஒன்றும் செய்ய முடியாது, கீபோர்டில் ட்யூனிங் என்கிற இடத்தில் அத்தனை சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) இறக்கிவிட்டு, கிட்டாரையும் அதற்குச் சேர்த்துக்கொள்ளுங்க. பதிந்தபிறகு குழலை சாஃப்ட்வேரில் இழுத்துத் திருத்தலாம்தான், கமகம் எல்லாம் தட்டையாகிவிடும், நான் செய்ய மாட்டேன்.

உடுக்கை திடீரென்று எகிறும். 24 பிட்டில் பதிந்து, பலமான அடியே மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாத அளவுக்கு இன்டர்ஃபேஸில் கெயினை (மைக் ஒலியைப் பெருக்குகிற அளவை) குறைத்து வையுங்க.

சோமனூர்_கீஸ்:

கோபியிலிருந்து வாத்தியார் அனுப்புவதை வாட்ஸ்அப்பில் ஆடியோவாக வாங்காதீங்க, நசுக்கிவிடும். டாக்குமென்ட்டாகவோ ட்ரைவிலோ வேவ் கோப்பாக அனுப்பச் சொல்லுங்க. கடைசியில் மறுபடி பாடும்போது நீங்கள் அனுப்புகிற ட்ராக்கைக் காதில் போட்டுக்கொண்டு, அதன் முதல் நொடியிலிருந்தே ரெக்கார்டை ஓட விடச் சொல்லுங்க, பாட்டு அரை நிமிஷம் கழித்துத் தொடங்கினாலும் சரி. முன்னால் இருக்கிற மௌனத்தை அவர் வெட்டாமல் அனுப்பினால் நீங்கள் கோப்பை ஆரம்பத்தில் ஒட்ட வைத்தாலே போதும்.