டயர் மாற்றப் போன இடத்தில் நடந்தது: கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கத்துச் சின்ன வேகக் கார்காரர்கள் எழுதுங்கள்

வால்பாறை வழி:
போலோ ஜிடி டிஎஸ்ஐ, டயர் அளவு 195/55 ஆர்16. முன் இரண்டும் தேய்மானக் கட்டையை (பள்ளங்களுக்குள் இருக்கிற எல்லைக் குறி) தொட்டுவிட்டன, பின் இரண்டில் பாதி பட்டன் (தரையில் படுகிற ரப்பர்) மிச்சம். நான்கையும் ஒன்றாக மாற்ற அந்த மாதம் கையில் தோதில்லை. பொள்ளாச்சியில் ஒரு கடை. பணம் கட்டிவிட்டு வருவதற்குள் புதிய இரண்டையும் முன்னால் மாட்டி முடித்திருந்தார்கள். "இழுக்கிற சக்கரம் முன்னால், ஸ்டியரிங் முன்னால், புதிதும் முன்னால்தான் சார்" என்றார் மேஸ்திரி.

ஆடி மாத மழையில் வால்பாறையிலிருந்து இறங்குகிறோம். ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் காட்சிமுனையில், வரையாடு பார்க்க நின்றிருந்த கூட்டத்தைத் தாண்டி எட்டாவது வளைவு. இரண்டாவது கியர், நிதானமான வேகம். பிரேக்கில் லேசாகக் கால் வைத்தபடி திருப்பினேன். முன் சக்கரங்கள் சொன்ன இடத்துக்குப் போயின. பின்பக்கம் மட்டும் தனியே கழன்று கைப்பிடிச் சுவரை நோக்கிப் போனது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு படபடவென்று மின்னியது. பின் இருக்கையில் கிடந்த பிளாஸ்க் உருண்டு கதவில் மோதிய சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. வண்டி தானாகவே நேரானது. சறுக்கலைத் தடுக்கிற மின்னணுக் கட்டுப்பாடு இல்லாத வண்டியாக இருந்தால் சுவரில் சாத்தியிருக்கும். ஆழியாறு சோதனைச் சாவடி வரைக்கும் வீட்டம்மா வாயே திறக்கவில்லை.

மறுநாளே வேறு கடையில் புதிய ஜோடியைப் பின்னுக்கு மாற்றினேன். டயர் கம்பெனிகளே இரண்டு மட்டும் மாற்றினால் புதியதைப் பின்னால் போடு என்றுதான் சொல்கின்றன. கடைக்காரர்கள் காதில் மட்டும் அது ஏன் விழுவதில்லை?

திம்பம் 27:
மன்னிக்கவும், ஈரத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே திருப்பினால் எந்த டயரும் விலகத்தான் செய்யும். என் கதை நேர்மாறானது. கம்பெனி சொன்னபடி புதியதைப் பின்னால் போட்டுக்கொண்டு, தேய்ந்த ஜோடியை முன்னால் வைத்துக்கொண்டு பண்ணாரியிலிருந்து திம்பம் மலைப்பாதையில் ஏறினேன். மேலே ஒரு வளைவில் பதினான்கு சக்கர லாரி ஒன்று முழு வளைவையும் அடைத்துக்கொண்டு இறங்கியது. ஸ்டியரிங்கை ஒடித்தேன். வண்டி நேராகவே போனது. லாரியின் முன் பம்பரில் எழுதியிருந்த குலதெய்வத்தின் பெயரை எழுத்தெழுத்தாகப் படிக்கிற தூரத்தில் நின்றது. பிரேக் பிடிக்கும்போது பாரம் முழுக்க முன்னால்தான் வருகிறது. மொட்டை டயரை அங்கே வைத்துக்கொண்டு பின்னால் புதிதை வைத்து என்ன செய்வது?

வால்பாறை வழி:
உங்கள் வண்டி நின்றதா இல்லையா? முன்பக்கம் வழுக்கினால் ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தாலே பெரும்பாலும் பிடி திரும்பிவிடும், யாராலும் செய்ய முடியும். பின்பக்கம் வழுக்கினால் எதிர்த்திசையில் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். அதைப் பந்தய ஓட்டுநர் செய்வார், அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறவர் செய்ய மாட்டார். கம்பெனிக்காரர்கள் அதற்காகத்தான் அப்படிச் சொல்கிறார்கள். மேலும் "மொட்டை" என்று நீங்களே சொல்கிறீர்கள். 1.6 மில்லிமீட்டர் கட்டையைத் தொட்ட டயர் முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது.

ஈரோட்டு அக்கா:
சண்டையை நிறுத்திவிட்டு இதைக் கேளுங்கள். என் ஹூண்டாய் ஐ20 என் லைன் (N Line) காருக்கு 2025 அக்டோபரில் நான்கு டயர் மாற்றினேன். வண்டி என்னுடையது, ஓட்டுவது நான், அளவு கேட்டதும் நான். கடை முதலாளி பதில் சொன்னது எல்லாம் கூட வந்த என் கொழுந்தனாருக்கு. அவருக்கு டூவீலர் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. "சாருக்குத் தெரியும், இது நல்ல கம்பெனி" என்கிறார். சார் தலையாட்டுகிறார்.

மாட்டி முடித்ததும் தயாரிப்புத் தேதியைப் பார்க்கப் போனேன். டாட் (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கம், முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். வெளிப்பக்கச் சுவரில் அந்த வரி பாதியில் நின்றது, நான்கு இலக்கத்தைக் காணோம். ஒரு பக்கச் சுவரில் மட்டும்தான் முழுதாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். நான்கு டயரிலும் அந்தப் பக்கம் உள்ளே போயிருந்தது. தற்செயலாம்.

"தம்பி, ஸ்டியரிங்கை முழுதாக இடப்பக்கம் ஒடித்துப் பிடி" என்று பையனிடம் சொல்லிவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு தரையில் குந்தினேன். செல்போன் வெளிச்சத்தில் சக்கரத்துக்குப் பின்னால் தலையை விட்டுப் பார்த்தால் 1121. 2021-ஆம் வருடம் பதினோராவது வாரம்! நான்கரை வருடம் கோடவுனில் குடியிருந்த ரப்பர். எழுந்து நின்று படித்துக் காட்டினேன். அதன்பிறகுதான் முதலாளி முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

அத்தோடு முடியவில்லை. பில்லில் 28 சதவீத வரி. செப்டம்பர் 22-ஆம் தேதியே 18 ஆகிவிட்டதே என்றால், "பழைய வரியில் வாங்கிய சரக்கு மேடம்" என்கிறார். அவர் எப்போது வாங்கினார் என்பது எனக்கு எதற்கு? எனக்கு விற்கிற நாளின் வரிதான் கணக்கு. நான்கையும் கழற்ற வைத்தேன். சாயங்காலம் வேறு நான்கு வந்தன, எல்லாம் 2225. கொழுந்தனார் வீட்டில் போய், தான்தான் பேசி முடித்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கரூர்க் கணக்கு:
அக்காவுக்கு ஒரு சபாஷ். என் அனுபவம் சின்னது: மாப்பிள்ளை ஒருவர் இதே ஐ20 என் லைனுக்கு 17 அங்குல அலாயும் 215/45 டயரும் போட்டார். வெள்ளகோவில் தாண்டி ஒரு பள்ளம். ரிம் கோணியது, டயரின் பக்கச் சுவரில் எலுமிச்சை அளவுக்குப் புடைப்பு.

இனி எல்லோருக்கும் சில விஷயங்கள். 195/55 ஆர்16 என்றால் அகலம் 195 மில்லிமீட்டர், சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், அதாவது சுமார் 107. மாப்பிள்ளை போட்டதில் 97 கூட இல்லை. மொத்த விட்டம் 621-க்கு 625, அதில் தவறில்லை. ஆனால் பள்ளத்தின் அடியை ரிம்முக்கு விடாமல் வாங்க வேண்டிய ரப்பரில் ஒரு சென்டிமீட்டர் போய்விட்டது. நம் ஊராட்சிச் சாலைகளில் அந்த ஒரு சென்டிமீட்டர்தான் சொத்து. சிலர் 16 அங்குல ரிம்மிலேயே 205/55 போடுகிறார்கள். விட்டம் 632 ஆகிறது, ஏறக்குறைய 1.8 சதவீதம் பெரிது. வேகமானி நூறு காட்டும்போது முன்பு ஓடியதைவிட வண்டி ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் கூடுதலாக ஓடும். கியரும் அந்த அளவுக்கு நீளும், சின்ன எஞ்சினில் இழுவை மந்தமாகும். ஐந்து பேர் ஏறினால் சக்கர வளைவில் உரசுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பிறகு அளவுக்குப் பின்னால் வருகிற எண். 84 என்றால் ஒரு டயர் 500 கிலோ தாங்கும், 87 என்றால் 545. எழுத்து வேகத்துக்கு: டி (T) என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர், ஹெச் 210, வி 240. கையேட்டில் உள்ளதைவிடக் குறைந்ததைக் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஈரத்தில் பிடி, உருளும்போது தடை, ஓசை ஆகிய மூன்றுக்கும் நம் நாட்டில் இப்போது குறைந்தபட்ச விதி உண்டு. புதிய மாதிரிகளுக்கு 2022 அக்டோபரிலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2023-லும் வந்தது. நைட்ரஜன் நிரப்பக் காசு கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், மாதம் இரண்டு முறை அளவு பார்த்தால் போதும். வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள்.

திம்பம் 27:
கரூர் அண்ணா, கேள்வி கேட்டது யார்?

செட்டிபாளையத்துப் பையன்:
கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒருநாள் சொந்தக் காரை ஓட்ட விட்டார்கள். 2.1 கிலோமீட்டர் ஓடுதளம், கோவைக்காரர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. என்னுடையது ஃபிகோ எஸ். அமைதியாக ஓடும் என்று பார்த்துப் பார்த்து வாங்கிய டயர் போட்டிருந்தேன். நெடுஞ்சாலையில் தூங்க வைக்கும், அவ்வளவு சுகம்.

அங்கே வயதான மெக்கானிக் ஒருவர் வந்தார். எதுவும் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, முன் டயரின் பட்டன் ஓரத்திலிருந்து பக்கச் சுவரின் நடு வரைக்கும் மூன்று இடத்தில் கோடு இழுத்தார். "ஓடிவிட்டு வா தம்பி" என்றார். சில சுற்றுகள் முடித்து வந்தேன். ஓரத்தில் இருந்த சின்ன முக்கோணக் குறியைத் தாண்டிச் சுவர் வரைக்கும் சுண்ணாம்பு அழிந்திருந்தது. வளைவில் டயர் அந்த அளவுக்கு மடங்கி, பக்கச் சுவரிலேயே ஓடியிருக்கிறது! தோள்பட்டையில் ரப்பர் துணுக்குத் துணுக்காக உருண்டு நின்றது, தொட்டால் ஒட்டியது. குளிர்ந்திருந்தபோது 33 வைத்த காற்று 40 காட்டியது.

"வீட்டுக்குப் போக நல்ல டயர்" என்றார். அது பாராட்டா கேலியா என்று இன்று வரைக்கும் பிடிபடவில்லை. அடுத்த முறை பக்கச் சுவர் விறைப்பான ஒன்றாகப் போட வேண்டும் என்று நினைக்கிறேன், ஆனால் அதில் தினமும் திருப்பூர் போய்வர வேண்டுமே என்றும் நினைக்கிறேன்.

பழைய அபார்த்:
தம்பி, உங்கள் குழப்பம்தான் எனக்கும். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்ததே, அதன்பிறகு நான் கேட்ட பந்தய ரக டயர் என் அளவில் கிடைக்கவில்லை. காந்திபுரத்துக் கடையில் பெரியவர் ஒருவர் இரண்டு டயரை உருட்டிக்கொண்டு வந்து, "நகத்தால் அழுத்திப் பாருங்கள்" என்றார். ஒன்றில் நகம் பதிந்தது, மற்றதில் சறுக்கியது. பதிந்ததைத் தாருங்கள் என்றேன். "பின்னால் யார் உட்காருவார்கள்?" என்றார். அப்பா அம்மா என்றேன். பதிந்ததை உருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்! விலை குறைந்ததை வற்புறுத்தி விற்ற கடைக்காரரை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். அப்பா இப்போது முதுகைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்குத்தான் ஒவ்வொரு வளைவிலும் அந்த நகம் பதிந்த டயர் நினைவுக்கு வருகிறது.

நாமக்கல் லாரி வீடு:
எல்லோரும் கம்பெனியைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் பெரியப்பாவுக்கு லாரித் தொழில். என் பலேனோ ஆர்எஸ்-ஸுக்கு டயர் மாற்றப் போகிறேன் என்று சொன்னதும் வாசலுக்கு வந்தார். குனிந்து உள்ளங்கையை முன் டயரின் மேல் வைத்து வெளியிலிருந்து உள்ளே தடவினார். "என் கையைப் பிடி" என்று என் கையை வாங்கி அதே மாதிரி வைத்தார். ஒரு திசையில் வழவழப்பு. திருப்பித் தடவினால் கருக்கரிவாள் மாதிரி விரலைப் பிடிக்கிறது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பட்டன் ஆழம்கூட ஒழுங்காகவே இருந்தது.

"சக்கரம் நேராக உருளவில்லை, சாய்ந்து இழுபட்டுக்கொண்டு ஓடுகிறது. நீ எந்தக் கம்பெனி போட்டாலும் இதே கதிதான்" என்றார். போன மாதம்தான் அலைன்மென்ட் பார்த்தேன், எல்லாம் பச்சையில் அச்சடித்த தாள் கொடுத்தார்கள் என்றேன். தாளை வாங்கிப் பார்க்கவே இல்லை. சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்து உலுக்கினார். டக் டக் என்றது. ஸ்டியரிங் கம்பியின் முனை தேய்ந்து ஆட்டம் கண்டிருக்கிறது. ஆட்டத்தோடு வைத்து அளந்தால் தாளில் என்ன நிறம் வந்தால் என்ன? அதை மாற்றி, பிறகு அலைன்மென்ட், அதற்குப் பிறகுதான் டயர்.

கூடவே ஒரு யோசனையும் சொன்னார், நம் பட்டறையிலேயே ரீட்ரேடு (தேய்ந்த டயரின் மேல் புதிய ரப்பர்) போட்டுத் தருகிறேன் என்று. லாரிக்கு அது நம் ஊர்த் தொழில், குறை சொல்லவில்லை. டர்போ காருக்கு வேண்டாம் பெரியப்பா என்றேன். அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

கரூர்க் கணக்கு:
நாமக்கல் தம்பி, பின் சக்கரத்தையும் தடவிப் பார்த்தீர்களா? இந்த வகைக் கார்களில் பின்னால் குறுக்குத் தண்டு இருப்பதால் பெரும்பாலும் அங்கே கோணத்தைத் திருத்த முடியாது. தண்டு வளைந்திருந்தால் அலைன்மென்ட் கடைக்காரர் எண்ணைக் காட்டுவார், சரிசெய்ய மாட்டார். அது மட்டுமல்ல, எட்டாயிரம் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் டயரை மாற்றிப் போட்டிருந்தால்

திம்பம் 27:
அண்ணா, பாதியில் அனுப்பிவிட்டீர்கள், அதுவே நல்லது. ஆனால் அந்தக் கடைசி வரி சரி. முன் பின் மாற்றிக்கொண்டே வந்திருந்தால் நான்கும் ஒன்றாகத் தேய்ந்திருக்கும், நானும் பொள்ளாச்சிக்காரரும் சண்டை போட வேண்டியிருந்திருக்காது.

வால்பாறை வழி:
நான் பொள்ளாச்சிக்காரன் இல்லை, உடுமலை. டயர்தான் பொள்ளாச்சியில் வாங்கினேன். ஈரோட்டு அக்கா, 2225 என்று வந்த அந்த நான்கும் என்ன ரகம்? மழையில் எப்படி? எனக்கு இன்னும் இரண்டு வாங்க வேண்டியிருக்கிறது.

ஈரோட்டு அக்கா:
கான்டினென்டல் கம்பெனியின் யூசி6. மழையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, பவானி பக்கம் தண்ணீர் நின்ற இடத்திலும் ஸ்டியரிங் கையில் லேசாகவில்லை. தார் சொரசொரப்பாக இருக்கிற இடத்தில் கொஞ்சம் இரைகிறது, பாட்டைச் சத்தமாக வைத்துக்கொள்கிறேன். தேதி பார்த்து வாங்குங்கள். கடையில் பேசக் கொழுந்தனார் வேண்டுமென்றால் அனுப்பி வைக்கிறேன்.