அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய், மும்பையில் இருக்கிறோம்: வட்டிக்கு வாங்கலாமா?

தாராவி தம்பி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அக்காவுக்கு 46 வயது. தாராவியில் இருபது வருடமாக இட்லி வியாபாரம். அத்தான் போன பிறகு அந்த இட்லிப் பானைதான் எங்களைக் காப்பாற்றியது, என்னைப் படிக்க வைத்ததும் அதுதான். போன மாதம் இடது மார்பில் கட்டி என்று பயாப்சி எடுத்தோம். கேன்சர், ஹெர்-2 பாசிட்டிவ் (ஹெர்-2 என்ற புரதம் அதிகமாக உள்ள வகையாம்).

பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் கீமோ, ஆபரேஷன், கரண்ட் வைப்பது (கதிர்வீச்சு), அப்புறம் மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி வீதம் ஒரு வருடம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். கூட்டிப் பார்த்தால் 9 லட்சத்துக்கு மேல். முதல் கீமோவை அங்கேயே போட்டுவிட்டோம். கையிருப்பில் பாதி அதிலேயே போய்விட்டது.

நேற்று ராத்திரி அக்கா மகளுக்கென்று சேர்த்து வைத்த இரண்டு வளையலை ரவிக்கைத் துணியில் சுற்றி என் கையில் வைத்துவிட்டாள். "வித்துடு, அவளுக்கு அப்புறம் பார்த்துக்கலாம்" என்றாள். எனக்குப் பேச்சே வரவில்லை. தெரிந்தவர் ஒருவர் 3 லட்சம் தருகிறேன் என்கிறார், 3 வட்டி. மாதம் 9,000 வட்டி மட்டும். மாமா ஊருக்கே கூட்டி வந்துவிடு என்கிறார். டாடா புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனால் ஆரம்பித்த வைத்தியத்தை நடுவில் எடுத்துக்கொள்வார்களா? யாராவது சொல்லுங்கள்.

சயான்காரன்:

தம்பி, வட்டிக்கு வாங்காதீர்கள். என் மனைவியைப் பரேல் டாடா மெமோரியலில்தான் காட்டினேன். வேறு இடத்தில் ஆரம்பித்துவிட்டு வருபவர்கள் அங்கே நிறையப் பேர். ஒன்று முக்கியம்: பயாப்சி எடுத்த லேபில் போய் கட்டியில் எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் கண்ணாடி ஸ்லைடையும் கேட்டு வாங்குங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. அவர்களே திரும்பப் பரிசோதித்துத்தான் முடிவு சொல்வார்கள்.

பதிவு செய்யும்போது ஜெனரலா, பிரைவேட்டா என்று கேட்பார்கள். ஜெனரல் என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். டாக்டர்கள் அதே டாக்டர்கள்தான். கட்டணம் பல மடங்கு குறைவு, காத்திருப்பதுதான் அதிகம். நாங்கள் காலை 7 மணிக்குப் போய் மாலை 4 மணிக்கு வீடு திரும்பிய நாட்கள் உண்டு. தண்ணீர் பாட்டிலும் ஒரு மடக்குப் போர்வையும் கட்டாயம்.

அங்கே மருத்துவ சமூகப் பணிப் பிரிவு இருக்கிறது. முதல் நாளே போய் உட்கார்ந்து வீட்டு நிலைமையை உள்ளபடி சொல்லுங்கள். எந்த அறக்கட்டளைக்கு எப்படி எழுத வேண்டும் என்று அவர்களே வழிகாட்டுவார்கள். சித்திவிநாயகர் கோயில் அறக்கட்டளை வைத்தியத்துக்கு உதவுகிறது. 1951-இலிருந்து மும்பையில் இருக்கும் இந்தியன் கேன்சர் சொசைட்டியும் குணமாக வாய்ப்புள்ள ஏழை நோயாளிகளுக்கு உதவுகிறது. இப்படி வரும் பணம் பெரும்பாலும் நேராக மருத்துவமனைக்கே போகும், அதனால் செலவு மதிப்பீட்டுக் கடிதம் கையில் வேண்டும்.

அந்த ஒரு வருட ஊசி டிராஸ்டுசுமாப்தானே? எந்தக் கம்பெனி மருந்துக்கு விலை போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 2014-இலிருந்து இந்தியக் கம்பெனிகளின் பயோசிமிலர், அதாவது அசல் மருந்தைப் போலவே வேலை செய்யும் மாற்று மருந்து, கிடைக்கிறது, விலை நன்றாகவே குறையும். அந்த ஊசி போடும் காலத்தில் இடையிடையே இதயத்துக்கு எக்கோ எடுக்கச் சொல்வார்கள். செலவு என்று அதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

செம்பூர் அண்ணாச்சி:

அக்காவின் ரேஷன் கார்டு என்ன நிறம்? மஞ்சளோ ஆரஞ்சோ என்றால் மகாராஷ்டிர அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், மகாத்மா ஜோதிராவ் புலே ஜன் ஆரோக்ய யோஜனா இருக்கிறது. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் ஆரோக்யமித்ரா என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார், அவரிடம் போங்கள். நீங்கள் ஏற்கெனவே கட்டிய பணம் திரும்ப வராது. முன் அனுமதி வாங்கித்தான் வைத்தியம் நடக்கும். ஆகவே இரண்டாவது கீமோவுக்கு முன்னாலேயே இதை முடிக்கப் பாருங்கள். ஆனால் கீமோ தேதி தள்ளிப் போகக் கூடாது, அதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆதாரிலும் கார்டிலும் பெயரின் எழுத்து ஒத்துப் போகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். நான் மனு எழுதிக் கொடுக்கும் பத்துப் பேரில் பாதிப் பேருக்கு இடி அங்கேதான் விழுகிறது.

கார்டு இன்னும் ஊரில்தான் என்றால் தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தைப் பாருங்கள். சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கியது. ஆனால் வீடும் வேலையும் இங்கே இருக்க, சும்மா ஊருக்குப் போவதில் எனக்குச் சம்மதமில்லை. போவதானால் மருத்துவமனையில் ரயில் சலுகைச் சான்று வாங்குங்கள். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு முழுக் கட்டணமும் தள்ளுபடி, துணைக்குப் போகிறவருக்கு முக்கால் பங்கு.

டோம்பிவிலி அம்மா:

எனக்கும் இதே நோய்தான், ஆறு வருடம் ஆகிறது. அக்காவிடம் கணக்கை மறைக்காதே, கண்ணு. என் வீட்டில் நல்லெண்ணத்தில்தான் மறைத்தார்கள். ஒரு நாள் அரிசி டப்பாவுக்குள் கைவிட்டபோது அடகு ரசீது சிக்கியது. கீமோவை விட அன்றைக்குத்தான் அதிகம் அழுதேன். இருபது வருடம் கடை நடத்தியவளுக்குக் கணக்கு உன்னை விட நன்றாகவே வரும்.

கீமோ ஓடும்போது உடம்புச் சூடு 100.4-ஐத் தொட்டால் மாத்திரை போட்டுவிட்டுக் காத்திருக்காதே. ராத்திரி எந்நேரமானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. ஒரு தெர்மாமீட்டர் வாங்கித் தலைமாட்டில் வை. மாவு புளித்த வாசனை குமட்டும், சொல்ல மாட்டாள். நீயே கேள்.

தாராவி தம்பி:

எல்லோருக்கும் நன்றி. கார்டு ஆரஞ்சு, அக்கா பெயர் இருக்கிறது. ஆதாரில் ஒரு எழுத்து தப்பு, திருத்தக் கொடுத்துவிட்டேன். லேபில் பிளாக் வாங்கியாச்சு. சின்னச் சின்ன மெழுகுத் துண்டுகள், ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள். அம்மா சொன்னது சரிதான். கேட்ட பிறகுதான் சொன்னாள், நாலு நாளாக மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டுதான் மாவு கரைத்தாளாம். இனிமேல் பக்கத்து வீட்டு அத்தை கரைப்பார். வளையலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எல்லாக் கணக்கையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் இட்லிக் கணக்கு நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு முதல் கீமோ செலவை எழுதினாள். நாளைக்கு விடியற்காலை சயானில் ரயில் ஏறிப் பரேலுக்குப் போகிறோம்.