எகிப்து ஆவணப்படம்: சாபக்கதை இல்லாமல் ஏதாவது உண்டா?

வணக்கம். பண்டைய எகிப்து பற்றி நல்ல ஆவணப்படம் தெரிந்தால் சொல்லுங்களேன். தேடினால் வருவதெல்லாம் துட்டன்காமன் சாபம், இல்லையென்றால் வேற்றுக்கிரகவாசிகள் கட்டிய பிரமிடு. போதும் போதும் என்றாகிவிட்டது.

எனக்கு வேண்டியது உழைத்தவர்களின் கதை. தெய்ர் எல்-மதினா என்ற ஊரில்தான் மன்னர்களின் பள்ளத்தாக்கில் கல்லறை குடைந்தவர்கள் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். மூன்றாம் ராம்செஸின் 29ஆம் ஆட்சியாண்டில், கூலித் தானியம் வராததால் வேலையைப் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்கள்! அதைச் சொல்லும் பாப்பிரஸ் (நாணல் தாள் ஆவணம்) இத்தாலியின் டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வேலைக்கு வராததற்குக் காரணம்கூட கல்துண்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒருவரைத் தேள் கொட்டியதாம்.

அப்புறம், 2013இல் செங்கடல் கரையிலுள்ள வாதி அல்-ஜர்ஃபில் கிடைத்த, மெரர் என்ற படகுக்குழுத் தலைவரின் நாட்குறிப்பு. மன்னர் குஃபுவின் பிரமிடுக்குத் தூரா கல்குவாரியிலிருந்து படகில் சுண்ணாம்புக்கல் கொண்டுபோன கணக்கு. இது பற்றியும் பார்க்க ஆசை.

சக்காராவில் வாஹ்தியே என்ற பூசாரியின் கல்லறையைப் பற்றி 2020இல் நெட்ஃபிளிக்ஸில் வந்ததைப் பார்த்துவிட்டேன். தோண்டுகிற எகிப்தியர்களே பேசியது பிடித்திருந்தது. அந்த மாதிரி வேறு உண்டா? தமிழ் சப்டைட்டில் இருந்தால் அம்மாவும் பார்ப்பார். ஆங்கிலம் மட்டும் என்றாலும் சரி.