வாம்பயர் நாசகாரிக் கப்பலால் ஹெர்மிஸைக் காக்க முடியாமற்போனது ஏன்?

கேள்வி (கடல்வரலாறு):
1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸ் மூழ்கடிக்கப்பட்டதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அதற்குக் காவலாகச் சென்று, அதே முற்பகலில் அழிந்த ஆஸ்திரேலிய நாசகாரி வாம்பயரைப் பற்றி ஓரிரு வரிகளுக்கு மேல் கிடைப்பதில்லை. காவலுக்கென்றே உடன் சென்ற கப்பலால் விமானங்களை ஏன் விரட்ட முடியவில்லை? ஹெர்மிஸ் தாக்கப்பட்டபோதே விலகி ஓடியிருந்தால் தப்பியிருக்குமா?

பதில் (பீரங்கிமேடை):
வாம்பயர் 1917இல் நீரில் இறக்கப்பட்ட கப்பல். எதிரிக் கப்பல்களையும் நீர்மூழ்கிகளையும் மனத்திற்கொண்டு கட்டப்பட்ட அதன் நான்கு 4 அங்குலப் பீரங்கிகளும் கிடைமட்டத்திலிருந்து 30 பாகைக்கு மேல் நிமிராதவை. ஜப்பானியரின் ஐச்சி விமானங்களோ ஏறத்தாழ 60 பாகைச் சரிவில் பாய்ந்து குண்டு வீசுபவை. எனவே, தொலைவில் வரும்போது சுட முடிந்த அந்த விமானம் மூக்கைக் கவிழ்த்துக் கப்பலை நோக்கி இறங்கத் தொடங்கிய கணத்திலேயே பீரங்கிகள் பயனற்றுப்போயின. எஞ்சியவை சில சிறு விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் மட்டுமே. மாலுமிகளின் திறமையில் குறை காண இதில் எதுவும் இல்லை.

பதில் (கொட்டியாரம்):
ஓடித் தப்பியிருக்க முடியாது. திருகோணமலை தாக்கப்படும் என்று எதிர்பார்த்து, இரு கப்பல்களும் 8ஆம் தேதி இரவே துறைமுகத்தை விட்டுத் தெற்கே சென்றன. மறுநாள் காலையில் ஜப்பானிய வேவு விமானம் அவற்றைக் கண்டுவிட்டது. அவை வடக்கே திரும்பிக்கொண்டிருந்தபோது, ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிகளிலிருந்து 80க்கும் மேற்பட்ட விமானங்கள் வந்து சேர்ந்தன. ஹெர்மிஸ் ஏறக்குறைய 20 நிமிடங்களுக்குள் மூழ்கியது. குண்டு மீதமிருந்த விமானங்கள் வாம்பயர் பக்கம் திரும்பின, அது இரண்டாக உடைந்தது. மணிக்கு முப்பது கடல் மைல் ஓடும் கப்பல் விமானத்தை எவ்வளவு நேரம் ஏமாற்ற முடியும்?

என்னைப் பொறுத்தவரை பீரங்கியின் கோணம் இரண்டாம் காரணமே. ஹெர்மிஸின் சொந்த விமானங்கள் திருகோணமலையில் தரையில் விடப்பட்டிருந்தன. கொழும்புக்கு அருகிலுள்ள ரத்மலானை விமானத்தளத்திலிருந்து அனுப்பப்பட்ட போர் விமானங்கள் எல்லாம் முடிந்த பிறகே வந்தன. 1941 டிசம்பரில் மலாயாவுக்கு அப்பால் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் ஆகிய பெரும் போர்க்கப்பல்கள் விமானத் தாக்குதலில் மூழ்கியபோதும் காவலுக்கு நின்றது இதே வாம்பயர்தான். ரிப்பல்ஸ் மாலுமிகள் இருநூறு பேருக்கு மேல் அதன் தளத்தில் ஏறி உயிர் தப்பினார்கள். வான் பாதுகாப்பு இல்லாமல் கப்பல்களை அனுப்பினால் என்ன நேரும் என்பதைத் தம் கண்ணால் கண்ட அந்த மாலுமிகளை, நான்கே மாதங்களில் அதே நிலையில் மீண்டும் நிறுத்தியது மேலிடத்தின் பிழை. அதை நான் மென்மையாகச் சொல்ல விரும்பவில்லை.

கேள்வி (கடல்வரலாறு):
மாலுமிகள் எத்தனை பேர் பிழைத்தார்கள்?

பதில் (கொட்டியாரம்):
வாம்பயரில் கப்டன் மோரன் உட்படப் பத்துக்கும் குறைவானவர்களே இறந்தார்கள். ஹெர்மிஸில் 307 பேர். வீட்டா என்ற மருத்துவமனைக் கப்பல் அருகே இருந்ததால் ஏறக்குறைய 600 பேர் கடலிலிருந்து மீட்கப்பட்டார்கள். இந்த நாளைப் பற்றி எழுதும்போது ஹொலிஹொக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆதெல்ஸ்டேன் என்ற எண்ணெய்க் கப்பலுக்குக் காவலாகச் சென்ற அந்தச் சிறிய கொர்வெட்டும் (நாசகாரியைவிடச் சிறிய காவல் போர்க்கப்பல்) அன்றே குண்டுவீச்சில் மூழ்கியது. வாம்பயரைவிடப் பல மடங்கு அதிகமாக, 50க்கும் மேற்பட்ட உயிர்கள் அதில் போயின.